நிறம் மாறாப் புள்ளிகள்

ஒலியை மட்டுமே நம்பி வாழும் வானொலியில் வந்து ஒளித்திரையைப் பற்றிப் பேசுவது சற்றுப் பொருந்தாச் செயலாகத் தோன்றக்கூடும். நேயர்கள் பொறுத்தருள்வாராக. நாம் விஞ்ஞானம் பயின்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கும் ஊழியத்தில் இருக்கிறோம். சில காலத்திற்கு முன், தொலைக்காட்சித் திரைகளின் தன்மைகளை விவரிக்கும் காகிதம் ஒன்று நம் மேசைக்கு வந்தது. குவாண்டம் புள்ளிகளின் 'ஸ்திரத்தன்மை' என்று பொருள்படும் தொடர் அதில் ஐந்தாறு இடங்களில் வந்தது. ஓரிடத்தில் அது நிறம் மாறாமையைக் குறித்தது. மற்றோரிடத்தில் ஒளி மங்காமையைக் குறித்தது. பிறிதோரிடத்திலோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமையைக் குறித்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்த இடத்தில் தமிழில் மூன்று எழுத வேண்டியதாயிற்று. ஏன் மூன்று என்று வினவப் புகுந்தோம். அவ்வினா எம்மை நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. குவாண்டம் என்பதைச் 'சத்திச்சொட்டு' என்று தமிழில் எழுதியோர் உளர். அழகிய சொல்தான், ஆயினும் 'சத்திச்சொட்டுப் புள்ளி' என்றால் சொட்டும் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து பொருள் மயங்குகிறது. ஆகவே நாம் குவாண்டம் புள்ளி என்றே வழங்குவோம்.

குவாண்டம் புள்ளி என்பது குறைகடத்திப் பொருள் ஒன்றின் மிக நுண்ணிய படிகம். அதன் குறுக்களவு பெரும்பாலும் 2 முதல் 10 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாகப் பகுத்தால் அவற்றுள் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். இத்துணைச் சிறு படிகத்தின்மீது ஒளி பட்டால், அதனுள் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. தாவிய இடத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சுகிறது. பின்னர் எலெக்ட்ரான் திரும்பி அவ்வெற்றிடத்தை நிரப்பும்போது வேறொரு நிறத்தில் ஒளி வெளிப்படுகிறது. எந்த நிறம் என்பதைப் படிகத்தின் அளவே முடிவு செய்கிறது. வீணையில் மெட்டின்மேல் விரலை வைத்து, அதிரும் தந்தியின் நீளத்தைக் குறைக்கக் குறைக்க ஸ்வரம் மேலேறுவதை நேயர்கள் அறிவர். அதுபோலவே, எலெக்ட்ரான் உலவும் இடம் குறுகக் குறுக அது உமிழும் ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி ஏறுகிறது. காட்மியம் ஸெலினைடு என்னும் பொருளை எடுத்துக்கொண்டால், 6 நானோமீட்டர் அளவில் சிவப்பும், 2 நானோமீட்டர் அளவில் நீலமும் தோன்றும். சாயத் தொழிலில் நிறத்துக்கொரு சரக்குத் தேட வேண்டும். இங்கே சரக்கு ஒன்றே. அளவை மாற்றினால் வானவில் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

வந்தது கையில் நிலைக்குமா என்பதுதான் கேள்வி. நெல்லிக்காய்களை நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து, உயரத்தில் பத்தாக அடுக்குவதாகக் கொள்வோம். மொத்தம் ஆயிரம் காய்கள். இவற்றுள் புறத்தே தெரிவன எத்தனை? உள்ளே மறைந்திருப்பவை 512. புறத்தே இருப்பவை 488. ஏறக்குறையப் பாதி! பத்துக்குப் பதிலாக நூறு நூறாக அடுக்கினால், பத்து லட்சம் காய்களில் புறத்தே இருப்பவை நூற்றுக்கு ஆறு கூட இல்லை. குவாண்டம் புள்ளியும் சில நூறு முதல் சில ஆயிரம் அணுக்களால் ஆனது. அதன் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பில் நிற்கிறது. மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கத்தில் துணை இல்லை. பற்றிக்கொள்ள வேறெதுவும் அகப்படாவிடில், அது திரிந்து செல்லும் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட எலெக்ட்ரான் ஒளியைத் தராமல் வெப்பமாகக் கழிந்துவிடும். காற்றிலுள்ள பிராணவாயுவும் நீராவியும் முதலில் தாக்குவதும் அம்மேற்பரப்பையே. நிறத்தைத் தரும் சிறுமையே இவ்வாறு நலிவையும் தருகிறது. இனி நாம் சொல்லப்போகும் வரலாறு பெரும்பாலும் அம்மேற்பரப்புக்கு ஆடை தேடிய வரலாறே.

முதல் ஆடை கண்ணாடி. காட்மியம், கந்தகம், ஸெலினியம் ஆகியவற்றைச் சேர்த்து உருக்கி மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகளைச் செய்யும் வழக்கம் முன்னரே இருந்தது. ஒரே சரக்கைச் சேர்த்தபோதும், உலையில் வைக்கும் சூட்டுக்கும் நேரத்துக்கும் ஏற்ப நிறம் மாறுவதைக் கண்ணாடித் தொழிலாளர் கண்டிருந்தனர். காரணம் மட்டும் விளங்கவில்லை. லெனின்கிராடு நகரில் — இன்று அது ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் — வவிலோவ் ஒளியியல் நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி எகிமோவ் என்பார் இதனை முறைப்படி ஆராயத் துணிந்தார். செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை சூடேற்றினார். சிலவற்றை ஒரு மணி நேரமும், சிலவற்றை 96 மணி நேரம் வரையிலும் உலையில் வைத்தார். ஆறியபின் ஊடுகதிரால் சோதித்தபோது, கண்ணாடிக்குள் செம்புக் குளோரைடின் நுண்படிகங்கள் விளைந்திருந்தன. சில 2 நானோமீட்டர், சில 30 நானோமீட்டர் வரை. படிகம் சிறுக்கச் சிறுக்க, அது உட்கொள்ளும் ஒளி நீலத்தின் பக்கம் நகர்ந்தது. 1981-ஆம் ஆண்டு அவர் இம்முடிவை ஒரு சோவியத் பத்திரிகையில் வெளியிட்டார்.

கண்ணாடிக்குள் விளைந்த அப்படிகங்களுக்குக் காற்றின் பயமில்லை, நீரின் பயமில்லை. ஆனால் அவை சிறைப்பட்டவை. அவற்றை வெளியே எடுத்து ஒரு பரப்பின்மேல் பூசவோ, அளவுவாரியாகப் பிரிக்கவோ வழியில்லை. உறுதி இருந்தது, உபயோகம் இல்லை என்பதே எம் கருத்து.

இரண்டாண்டு கழித்து, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில், பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த லூயி ப்ரூஸ் அதே உண்மையை வேறு வாயில் வழியாக வந்து கண்டார். எகிமோவின் கட்டுரையை அவர் அப்போது அறிந்திலர். எம்போன்ற மொழிபெயர்ப்பு ஊழியர்க்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கிறது. ப்ரூஸின் நோக்கம் வேறு. சூரிய ஒளியைக் கொண்டு இரசாயன மாற்றங்களை நிகழ்த்தும் பொருட்டு, காட்மியம் ஸல்பைடின் நுண்துகள்களை நீர்மத்தில் மிதக்கவிட்டிருந்தார். கரைசலைச் சற்றுக் காலம் மேசைமீதே விட்டுவைத்துப் பின்னர்ச் சோதித்தபோது, அதன் ஒளித்தன்மை மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்திருக்குமோ என்று ஐயுற்றார். ஐயம் தீர, சுமார் 4.5 நானோமீட்டர் அளவுள்ள புதிய துகள்களைச் செய்து, சுமார் 12.5 நானோமீட்டருக்கு வளர்ந்த பழைய துகள்களோடு ஒப்பிட்டார். பெரியவை வழக்கமான காட்மியம் ஸல்பைடு போலவே ஒளியை உட்கொண்டன. சிறியவற்றின் நிறம் நீலத்தை நோக்கி நகர்ந்திருந்தது. 1983-இல் இதனை வெளியிட்டார்.

இங்கே நேயர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். ப்ரூஸுக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது யாது? துகள்களின் உறுதியின்மை! அவை மேசைமீது அப்படியே இருந்திருந்தால் அவர் எதையும் கண்டிருக்க மாட்டார். நீர்மத்தில் சிறு துகள் கரைந்து பெருந்துகளில் போய்ச் சேர்வது இயற்கை. மச்ச நியாயம் என்று நம்மவர் சொல்வரே, அதுபோலச் சிறியதைப் பெரியது விழுங்கும். விஞ்ஞானிக்கு வழிகாட்டிய இந்நிகழ்ச்சி, பின்னர்த் திரை செய்யப் புகுந்தவர்களுக்குத் தீராத் தலைவலி ஆயிற்று. புள்ளியின் அளவு மாறினால் நிறம் மாறும். நிறம் மாறினால் திரை எதற்கு?

ப்ரூஸின் ஆராய்ச்சிச்சாலையில் பயின்ற மூங்கி பாவெண்டி, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ஆசிரியரானார். 1993-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மாணாக்கர்களும் புதியதோர் பாகமுறையை வெளியிட்டனர். சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றிய எண்ணெய் போன்ற நீர்மம் ஒன்றில், காட்மியமும் ஸெலினியமும் தரும் சரக்குகளை ஒரே மூச்சில் பீச்சுகிறார்கள். கணப்பொழுதில் எண்ணற்ற படிக விதைகள் ஒருசேரப் பிறக்கின்றன. குளிர்ந்த சரக்கு புகுந்ததால் சூடு தணியும். புதிய விதைகள் பிறப்பது நின்றுவிடும். பிறந்தவை மட்டும் ஒரே சீராக வளரும். ஒரே நேரத்தில் பிறந்து ஒரே உணவை உண்டு வளர்ந்தமையால் அவை ஏறத்தாழ ஒரே அளவினவாக இருக்கும். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எகிமோவ், ப்ரூஸ், பாவெண்டி மூவர்க்கும் 2023-இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பாகமுறையில் விளைந்த புள்ளிகளுக்கு இரண்டாவது ஆடை தானாகவே வாய்த்தது. நீர்மத்திலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தலையால் புள்ளியைப் பற்றிக்கொண்டு, வாலை வெளியே நீட்டி நின்றன. வாலும் வாலும் இடிக்கும். ஆகவே புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. ஆயினும் இது காற்றில் பறக்கும் மேலாடையே. மூலக்கூறுகள் கழன்று விழும், மீண்டும் பற்றும், கழுவினால் போய்விடும். மேற்பரப்பு முழுவதையும் அவற்றால் மூட இயலாமையால், அப்புள்ளிகள் உட்கொண்ட ஒளியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே திருப்பித் தந்தன. காற்றும் வெளிச்சமும் ஒருங்கே படும் இடத்தில் வைத்தாலோ, மேலுள்ள ஸெலினியம் பிராணவாயுவோடு கூடிக் கழன்றுவிடும். புள்ளி தேய்ந்து சிறுக்கும், சிவப்பு ஆரஞ்சாகும், பின்னர் மங்கி மறையும்.

மூன்றாவது ஆடையே இத்துறையின் தலைவிதியை மாற்றியது. ஒரு படிகத்தின்மேல் வேறொரு படிகத்தை ஓடுபோல் வளர்ப்பது என்பது கருத்து. 1996-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைன்ஸ், கியோ-ஸியோனே இருவரும் காட்மியம் ஸெலினைடு புள்ளியின்மேல் துத்தநாக ஸல்பைடு ஓட்டை வளர்த்து, உட்கொண்ட ஒளியில் பாதியைத் திரும்பப் பெற்றனர். அடுத்த ஆண்டே பாவெண்டி குழுவினரும், பெர்க்லியில் அலிவிஸாடோஸ் குழுவினரும் இம்முறையை மேலும் வளர்த்தனர். துத்தநாக ஸல்பைடு எலெக்ட்ரானுக்கு உயர்ந்த மதில்போல் நிற்பது. ஆதலின் எலெக்ட்ரான் கருவினுள்ளேயே அடங்கிக் கிடக்கும். மேற்பரப்பில் இருக்கும் குறைகளை எட்டாது. பிராணவாயுவும் மதிலைத் தாண்டிக் கருவை எளிதில் அடையாது.

ஆனால் எந்த ஓடும் எந்தக் கருவுக்கும் பொருந்திவிடுமா? படிகத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி பொருளுக்குப் பொருள் வேறு. காட்மியம் ஸெலினைடுக்கும் துத்தநாக ஸல்பைடுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்குப் பன்னிரண்டு. வளைந்த சுவரில் நேர்செங்கல் வைத்துக் கட்டுவதுபோல, இரண்டு மூன்று அடுக்கு வரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; அதற்கு மேல் விரிசல் காணும். விரிசல் கண்டால் ஆடை கிழிந்ததாகும். காட்மியம் ஸல்பைடு ஓடாயின் வேறுபாடு நான்கே, நன்கு பொருந்தும், ஆனால் மதில் தாழ்வு. பொருந்துவது தாழ்வாகவும் உயர்ந்தது பொருந்தாமலும் இருந்தமையால், இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறுமாறு வளர்ப்பது என்று பலவாறு முயன்றனர்.

இதனிடையே மற்றொரு விந்தை தென்பட்டது. 1996-இல் தனித்தனிப் புள்ளிகளை நுண்ணோக்கியில் கண்டபோது, அவை மின்மினிபோல் அணைந்து அணைந்து ஒளிர்ந்தன. புள்ளியின் எலெக்ட்ரான் ஒன்று வெளியே தப்பிவிட்டால், உள்ளே மின்னூட்டம் மிஞ்சும். அதன்பின் வரும் ஆற்றலெல்லாம் ஒளியாகாமல் மிஞ்சிய மின்னூட்டத்திற்கே இரையாகும். 2008-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸிலும் பாரிஸிலும் இயங்கிய இரு குழுவினர், மிகத் தடித்த ஓடு போட்டால் இம்மினுக்கல் பெரும்பாலும் அடங்குவதைக் காட்டினர்.

இனித் திரைக்கு வருவோம். புள்ளிகளுக்கு நேரே மின்சாரம் ஊட்டி ஒளிரச் செய்யலாம் என்பதை 1994-ஆம் ஆண்டிலேயே பெர்க்லி குழுவினர் செய்து காட்டினர். ஆயினும் கடைக்கு வந்த முதல் திரைகள் அவ்வழியில் வரவில்லை. மின்சாரம் புள்ளிகளை மிகவும் வதைக்கும் என்று கண்ட பொறியியலார், புத்திசாலித்தனமாக ஒரு சுற்றுவழியை மேற்கொண்டனர். திரையின் பின்னால் நீல ஒளியுமிழ் டையோடுகள் எரியும். அந்நீல ஒளியில் ஒரு பங்கைப் புள்ளிகள் உட்கொண்டு தூய சிவப்பாகவும் தூய பச்சையாகவும் மாற்றித் தரும். 2013-இல் ஸோனி கம்பெனி வெளியிட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளில் இவ்வேற்பாடு இருந்தது. அதில் புள்ளிகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன தெரியுமா? திரையின் ஓரத்தில், மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள், காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருந்தன. லெனின்கிராடில் விட்ட கண்ணாடியை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

பிறர் புள்ளிகளைப் பிசினில் கலந்து, இரு தடுப்புத் தாள்களுக்கிடையே அகன்ற படலமாக்கினர். இத்தாள் திரை முழுவதும் பரவியிருப்பதால், டையோடின் சூடு அதனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் தாளை வெட்டியெடுக்கும்போது நான்கு ஓரங்களும் திறந்துகொள்கின்றன. மேலும் கீழும் பூட்டிய வீட்டின் பக்கவாட்டில் கதவில்லாததுபோல, ஈரமும் பிராணவாயுவும் ஓரங்கள் வழியே புகுந்து, விளிம்புப் புள்ளிகளை அவிக்கும். அவிந்த இடத்தில் சிவப்பும் பச்சையும் குறைந்து நீலம் மிகும். இதற்காகவே 60 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரமும் உள்ள பெட்டிக்குள் படலத்தைப் பல நூறு மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். மழைக்காலக் கடற்கரை நகரங்களில் வாழும் நேயர்களுக்கு இச்சோதனையின் பொருத்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. புள்ளிகளை டையோடின் மேலேயே பூசிவிட்டால் சரக்கு மிகவும் குறையும். ஆனால் அங்கே நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடும் கடும் ஒளியும் உண்டு. அவ்விடத்தில் நிலைப்பது மிகக் கடினம்.

உறுதியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், சொல்ல வேண்டிய ஒன்றை விட்டவராவோம். காட்மியம் நஞ்சு. ஜப்பானின் டோயாமா மாகாணத்தில், ஜின்ஸு ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர் எலும்பு நொறுங்கி வருந்தினர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்படும் 'இதாய் இதாய்' என்பதே அந்நோயின் பெயர். சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியமே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968-இல் அறிவித்தது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம், மின்சாதனங்களின் உறுப்புப் பொருள்களில் காட்மியம் 0.01 சதவீதத்திற்கு மேல் இருத்தலாகாது என்ற விதியை 2006 முதல் நடைமுறைப்படுத்தியது. திரைகளுக்காகச் சில காலம் விலக்கும் அளித்தது. ஒரு திரையில் உள்ள காட்மியம் சொற்பமே என்று வாதித்தோர் உண்டு. சொற்பம்தான், ஆனால் பழைய பெட்டிகள் எவர் கைகளால் உடைக்கப்படுகின்றன என்பதைக் கண்டவர்கட்கு அவ்வாதம் முழு ஆறுதல் தராது.

ஆகவே இண்டியம் பாஸ்பைடு என்னும் மாற்றுப் பொருள் வந்தது. 2015-இல் ஸாம்ஸங் கம்பெனி காட்மியம் இல்லாப் புள்ளிகளைக் கொண்ட தொலைக்காட்சிகளை வெளியிட்டது. நஞ்சு குறைந்தது, தொல்லை கூடியது. இண்டியம் பாஸ்பைடு பிராணவாயுவை எளிதில் பற்றும். கருவைச் செய்யும்போதே அதன்மேல் துருப்போல் ஒரு படலம் தோன்றிவிடும். துருவின்மேல் ஓடு வளர்த்தால் அது சரிவரப் பொருந்தாது. இரும்புக் கிராதிக்கு வர்ணம் பூசும் கொத்தனாரைக் கேட்டால், முதலில் துருவைச் சுரண்டு என்பார். ஸாம்ஸங் ஆராய்ச்சியாளர்களும் அதனையே செய்தனர். கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்துத் துருவை நீக்கி, அதன்மேல் துத்தநாக ஸெலினைடும் அதற்குமேல் துத்தநாக ஸல்பைடும் தடிப்பாக வளர்த்தனர். புறத்தே பற்றிய நீண்ட மூலக்கூறுகளுக்குப் பதில் குட்டையானவற்றை வைத்தனர். 2019-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மின்சாரத்தால் நேரே ஒளிரும் அச்சிவப்புப் புள்ளிகள் ஒளி பாதியாகக் குறையப் பத்து லட்சம் மணி நேரம் ஆகும்.

பத்து லட்சம் மணி நேரம் என்பது 114 ஆண்டு. எவரும் அத்தனை ஆண்டு காத்திருந்து பார்க்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மிகுந்த ஒளியில் விரைவாக மூப்படையச் செய்து, அதனின்று கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். மேலும் அக்கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்னும் மெல்லிய ஒளிர்வுக்கு உரியது. பகல் வெளிச்சம் புகும் கூடத்தில் வைக்கும் தொலைக்காட்சிக்கு அதனினும் பன்மடங்கு ஒளிர்வு வேண்டும். ஒளிர்வு கூடக் கூட ஆயுள் வேகமாகக் குறையும். விளம்பரத்தில் ஆயுளைப் படிப்போர் ஒளிர்வையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

நீலத்தின் கதை இன்னும் கடினம். நீல ஒளிக்கு ஆற்றல் மிகுதி; அவ்வாற்றல் புள்ளியையும், அதனைச் சூழ்ந்த மூலக்கூறுகளின் பிடிப்பையும் சேர்த்தே உடைக்கிறது. 2020-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் துத்தநாகம், டெல்லூரியம், ஸெலினியம் கலந்த நீலப் புள்ளிகளுக்கு, அதே 100 கேண்டெலா ஒளிர்வில், 15,850 மணி நேர ஆயுள் கணக்கிட்டனர். சிவப்பின் பத்து லட்சத்தோடு இதனை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். மூன்று நிறமும் ஒன்றாக மூப்படைந்தால் படம் சற்று மங்கும், அவ்வளவே. நீலம் மட்டும் முந்திக்கொண்டால் வெண்ணிறமே மஞ்சளாகிவிடும். இக்காரணத்தினாலேயே 2022-இல் கடைக்கு வந்த ஒருவகைப் புதுத்திரைகளில், நீல ஒளியை வேறு கரிமப் பொருள் தருகிறது. சிவப்பும் பச்சையும் மட்டும் புள்ளிகளின் பொறுப்பு. அங்கும் அவை பிறர் ஒளியை வாங்கி நிறம் மாற்றித் தருபவையே.

இவ்வரலாற்றில் புதிதாகப் புகுந்த பொருள் பெரோவ்ஸ்கைட்டு. ஸீஸியம், ஈயம், புரோமின் முதலியன கூடிய இதன் நுண்படிகங்களை 2015-இல் ஸ்விட்ஸர்லாந்தில் கோவலென்கோ குழுவினர் செய்தனர். ஓடே இல்லாமல் மிகத் தூய பச்சை ஒளியைத் தரும் இப்படிகங்கள் செய்வதற்கும் எளியவை. ஆனால் உப்புப் போன்றவை. நீர் பட்டால் கரையும், மேலாடை மூலக்கூறுகள் கழன்றால் ஒன்றோடொன்று கூடிவிடும். ஈயமும் நஞ்சுதான். காட்மியத்தைத் துரத்திவிட்டு ஈயத்தை வரவேற்பதா என்று கேட்போரின் கேள்வி நியாயமானதே. கரைந்து வெளியேறாத ஆடை கிடைத்தாலன்றி அதற்கு விடையில்லை.

அந்த ஆடைக்காகச் சில ஆராய்ச்சியாளர் மறுபடியும் உலையை மூட்டியிருக்கிறார்கள். மூலப்பொருள்களைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, ஆறவைத்து, அளவான சூட்டில் சில மணி நேரம் வைத்தால், கண்ணாடிக்குள்ளேயே பெரோவ்ஸ்கைட்டுப் படிகங்கள் விளைகின்றன. எகிமோவ் 1981-இல் எழுதிய முறையிலிருந்து இது அதிகம் வேறுபடவில்லை. அக்கண்ணாடியை நீரில் போட்டுவைத்தாலும் பச்சை ஒளி நெடுநாள் மங்குவதில்லை. பொடித்து ஒளிமாற்றிப் படலமாகவும் செய்யலாம். ஆனால் கண்ணாடிக்குள் மின்சாரம் புகாது. ஆகையால் நேரே மின்சாரத்தால் ஒளிரும் திரைக்கு அவை உதவமாட்டா. அதற்கு வேண்டிய ஆடை மெல்லியதாகவும், மின்னோட்டத்தை விடுவதாகவும், நீரையும் பிராணவாயுவையும் விடாததாகவும் இருத்தல் வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் அத்தகைய ஆடை ஓரளவு தைத்தாகிவிட்டது. நீலத்திற்கு இன்னும் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.